மண்ணுக்குள் வாழும் கோரை



அந்தமான் தீவுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தமிழ்நாடு பெறும் சராசரி மழையைப் போல் இது மூன்று மடங்கு. இதனை ஊருக்குச் சொல்லி அனுப்பினால், சிவகங்கையிலும் இராமநாதபுரத்திலும் உள்ள நம் சுற்றத்தார், "தண்ணீர்ப் பஞ்சமில்லாத சீமையில் இருக்கிறீர்கள்" என்று பெருமூச்சு விடுகின்றனர். அவர்கள்மீது குற்றமில்லை. கடலும் காடும் சூழ்ந்த தீவில் குடத்தை வைத்துக்கொண்டு காத்து நிற்கும் நாட்களும் உண்டென்பதை நேரில் கண்டாலன்றி நம்புவது கடினம்.

மத்திய அந்தமானில் உள்ள ரங்கத்தில் குடியிருக்கும் நாம் அந்த நாட்களை நன்கு அறிவோம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்றோடு தொடங்கும் மழை, வடகிழக்குப் பருவக்காற்றின் துணையால் டிசம்பர் வரையில் நீடிக்கிறது. தை பிறந்ததும் வானம் வெளுத்துவிடுகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையில் மழை அரிது. சரிவான நிலத்தில் விழுந்த நீர் நெடுநாள் தங்குவதில்லை. குறுகிய வழியில் கடலுக்கு ஓடிவிடுகிறது. மாசி பங்குனியில் ஓடைகள் கல்லும் மணலுமாகக் கிடக்கின்றன. கிணற்றில் இறக்கிய வாளி அடித்தரையைத் தட்டும் ஓசை கேட்கிறது.

அந்த வேளையில் நம் வீட்டுக் கொல்லையைச் சென்று பார்த்தால் ஒரு வியப்பு தென்படும். கீரைப் பாத்தி வாடியிருக்கும். மிளகாய்ச் செடி தலை சாய்ந்திருக்கும். குடத்திலிருந்து அளந்து ஊற்றிய தண்ணீரில் கத்தரி மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். இவற்றின் நடுவே, யாரும் விதைக்காமலும் நீர் வார்க்காமலும், ஊசி போல் நிமிர்ந்து பசுமையாக நிற்பது ஒன்றே ஒன்று. அதுதான் கோரை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே.

கோரையைப் புல் என்று அழைப்பது நம் வழக்கம். தாவர நூலார் அதனை ஒப்புவதில்லை. சந்தேகம் உள்ளவர்கள் ஒரு தண்டைப் பறித்து விரல்களுக்கிடையே உருட்டிப் பார்க்கலாம். புல்லின் தண்டு உருண்டையாக உருளும். அதில் கணுக்கள் இருக்கும். பெரும்பாலும் உள்ளே கூடாக இருக்கும். கோரையின் தண்டு உருளாது. அதற்கு மூன்று விளிம்புகள் உண்டு. உள்ளே வெண்மையான சோறு நிறைந்திருக்கும். இலைகளும் மூன்று வரிசையாகவே எழும். உலகெங்கும் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 5,500 இனங்கள் உள்ளன. பண்டை எகிப்தியர் எழுதுதாள் செய்த பாப்பிரஸ் இதனைச் சேர்ந்ததே. நம் திருநெல்வேலிப் பத்தமடையில் பாய் நெய்யப் பயன்படுவதும் இதனைச் சேர்ந்ததே. ஐங்குறுநூற்றில் வரும் பைஞ்சாய்ப் பாவை, சங்ககாலச் சிறுமியர் பசுங்கோரையால் செய்து விளையாடிய பொம்மை.

பத்தமடையைப் பற்றி இங்கே ஒரு சொல். சென்னையில் கப்பலேறி மூன்று நாள் பயணம் செய்து இத்தீவுகளுக்கு வந்த குடும்பங்கள் பல, பெட்டியோடு ஒரு பாயையும் சுருட்டிக் கொண்டுவந்தன. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, உள்ளே உள்ள சோற்றை நீக்கி, மீண்டும் இழையிழையாகக் கிழித்து நெய்வது பத்தமடை நெசவாளரின் முறை. மென்மையான பாயைப் பட்டுத்துணி போல் மடித்து வைக்கலாம். 1953ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு அவ்வூர்ப் பாய் அனுப்பப்பட்டது. நம் வீட்டுப் பாய் அத்தகைய உயர்ந்த வகையைச் சேர்ந்ததன்று. காவிரிக்கரைக் கோரையில் நெய்த முரட்டுப் பாய். ஆயினும் அதில் படுத்துறங்கியவாறே, விடிந்ததும் கொல்லையில் எந்தக் கோரையை ஒழிப்பது என்று திட்டமிட்டதை இப்போது எண்ணினால் நகைப்பாக இருக்கிறது.

பாய்க்கோரை வேறு, கொல்லைக் கோரை வேறு. முன்னது உயர்ந்து வளர்ந்து நீர்க்கரையை நாடுவது. பின்னது ஒரு சாண், இரு சாண் உயரமே உள்ளது. அடியில் கறுத்த கிழங்குகள் உள்ளது. கோரைக்கிழங்கு என்றும் முத்தக்காசு என்றும் நாட்டு மருந்துக் கடைகளில் விற்பது இதன் கிழங்கே. குழந்தைகளுக்குப் பூசிக் குளிப்பாட்டும் நலங்கு மாவில் இதன் மணம் உண்டு. காட்டுப்பன்றிக்கு இது விருந்து. குளக்கரையில் பன்றிகள் முத்தக்காசைக் கிளறும் காட்சியைக் காளிதாசன் தன் சாகுந்தலத்தில் குறிப்பிடுகிறான். சூடான் நாட்டில் வெள்ளை நைல் ஆற்றங்கரையில் அல் கிடே என்னும் இடத்தில் புதையுண்ட பழங்கால மனிதரின் பற்காரையை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று, உழவுத் தொழில் தோன்றுவதற்கு முன்பிருந்தே அம்மக்கள் இக்கிழங்கை உண்டனர் என்று காட்டியது. மருந்தாகவும் உணவாகவும் நறுமணப் பொருளாகவும் இருந்த ஒன்று, உழவன் கண்ணுக்கு மட்டும் பகையாகிவிட்டது. 1977இல் உலகின் களைகளை ஆராய்ந்து நூல் வெளியிட்ட அறிஞர்கள், அவை அனைத்தினுள்ளும் மிகக் கொடியதென்று இதனையே முதலிடத்தில் வைத்தனர்.

எங்கள் குடும்பம் இக்களையோடு போராடிய கதையைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். ஏனெனில் எங்கள் தவறு தனியொரு வீட்டின் தவறன்று.

ரங்கத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குப் பஞ்சவடி, சபரி, ஜனக்பூர், தசரத்பூர் என்று இராமாயணப் பெயர்கள் வழங்குகின்றன. வனவாசத்துக்கு ஏற்ற பெயர்களே. அத்தகைய சிற்றூர் ஒன்றில், கீழே சிறிது வயலும், நடுவில் வீடும், பின்புறம் மேடேறும் சரிவுமாக எங்கள் நிலம் அமைந்திருந்தது. நெல் அறுவடை ஆனதும், ஈரம் காய்வதற்குள் வயலில் பயறும் காய்கறியும் வைப்பது இவ்வூர் வழக்கம். முதல் ஆண்டு பாத்தியின் ஓரத்தில் பத்துக் கோரை கண்டோம். களைக்கொத்தால் கொத்தி எறிந்தோம். ஒரு மாதத்தில் அவ்விடத்தில் முப்பது முளைத்தன. இன்னும் ஊக்கமாகக் கொத்தினோம். மூன்றாம் ஆண்டில் பாத்தி முழுவதும் கோரையாக இருந்தது. நடுவே நாங்கள் வைத்த வெண்டைதான் களை போல் காட்சியளித்தது.

இதன் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு கிழங்கு முளைத்து இலை விட்டதும், அதன் அடியிலிருந்து மெல்லிய கிடைத்தண்டுகள் நாற்புறமும் ஓடுகின்றன. அவற்றின் நுனி பருத்துப் புதிய கிழங்காகிறது. அதிலிருந்து மற்றொரு தண்டு, மற்றொரு கிழங்கு. இவ்வாறு மணிமாலை போல் ஒரு தொடர் உருவாகிறது. முளை வெளிவந்து ஆறு வாரம் ஆவதற்குள் அடியில் புதிய கிழங்குகள் தோன்றத் தொடங்கிவிடுகின்றன. விதையினால் இது பரவுவது மிகக் குறைவு; கிழங்குதான் இதற்கு எல்லாம்.

இத்தொடரில் ஓர் ஒழுங்கு உண்டு. நுனியில் உள்ள கிழங்கு முளைத்திருக்கும் வரையில், பின்னால் உள்ளவை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். மூத்தவர் பேசும்போது சபையில் இளையவர் வாய் திறவாமல் இருப்பதைப் போன்ற அடக்கம் அது. களைக்கொத்து அந்தத் தொடரைத் துண்டித்தவுடன் அடக்கம் நீங்கிவிடுகிறது. ஒவ்வொரு கிழங்கும் தனிக்குடித்தனம் தொடங்கி முளைவிடுகிறது. ஆகவே நாங்கள் மூன்று ஆண்டுகள் செய்தது களையெடுப்பு அன்று, கோரை நடவு.

அடுத்து, ஒரு கடைக்காரர் சொற்கேட்டுக் களைக்கொல்லி மருந்து வாங்கித் தெளித்தோம். இலைகள் கருகின. மனம் குளிர்ந்தது. ஆனால் மருந்து இலைவழியே இறங்கி, முளைத்துள்ள கிழங்கை எட்டுமேயன்றி, உறங்கும் கிழங்கை எட்டுவதில்லை. அடுத்த மழைக்கு அவை எழுந்தன. கிணற்றுக்கு இருபது அடி தொலைவில் நஞ்சைத் தெளித்தோமே என்ற அச்சம் மட்டும் எங்களிடம் தங்கியது. கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுப் பார்த்தவர்களும் எங்கள் ஊரில் உண்டு. கோரையின் முளை நுனி ஈட்டி போன்றது. விரிப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது.

இத்தனை வலிமை பெற்ற செடிக்கு வறட்சி ஒரு பொருட்டா என்று தோன்றும். இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கிறது. ஒரு கிழங்கை மண்ணிலிருந்து தோண்டியெடுத்து, கல்லின்மேல் கடும் வெயிலில் ஒரு வாரம் பத்து நாள் போட்டு வையுங்கள். அது சுருங்கி, உள்ளே உலர்ந்து, உயிரை விட்டுவிடும். பின்பு நீரில் இட்டாலும் முளைக்காது. வறட்சியை வென்றதாக நாம் கருதும் செடி உண்மையில் உலர்வைத் தாங்குவதில்லை. உலர்வு எட்டாத இடத்தில் குடியிருக்கிறது. மேல்மண் புழுதியானாலும் அரையடி ஆழத்தில் சிறிது ஈரம் நிற்கிறது. அந்த ஈரத்தில் அது காத்திருக்கிறது. வலிமை கிழங்கில் பாதி, மண்ணில் பாதி.

இது கொல்லைக் கோரைக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ராக்கி மலைகளும் அவற்றைச் சார்ந்த தொடர்களும் உள்ளன. அங்கே குளிர்காலத்தில் பனி பெய்கிறது. கோடையில் மழை மிகக் குறைவு. பாண்டரோசா பைன், டக்ளஸ் பிர் ஆகிய மரங்கள் அடர்ந்த வறண்ட மலைக்காடுகள் அவை. அம்மரங்களின் நிழலில், நீர்நிலை எதுவும் அருகில் இல்லாத சரிவுகளில், ஒரு கோரை திட்டுத்திட்டாக வளர்கிறது. எல்க் என்னும் பெரிய மான் இதனை விரும்பி மேய்வதால் எல்க் கோரை என்று பெயர். நூற்பெயர் கேரக்ஸ் கையெரி. கையர் என்னும் ஜெர்மானியத் தாவர ஆய்வாளரை ஒட்டி இப்பெயர் இடப்பட்டது. கோரை என்றாலே ஏரியும் வாய்க்காலும் நினைவுக்கு வரும் நமக்கு, மலைமேல் பைன் மரத்தடியில் ஒரு கோரை என்பது புதுமைதான்.

அதற்குக் கிழங்கு இல்லை. மண்ணுக்குள் கிடைத்தண்டும், அதிலிருந்து ஆழமாக இறங்கும் வேர்களும் உண்டு. வேர் ஆறடி வரையிலும் செல்வதாகக் கண்டிருக்கின்றனர். பனி உருகி உள்ளே இறங்கிய ஈரத்தை, மேலே புல்லெல்லாம் காய்ந்த பிறகும் அது எட்டிப் பிடிக்கிறது. குளிர்காலத்திலும் அதன் இலை பசுமை மாறுவதில்லை. பனியைக் காலால் விலக்கி மான்கள் அதனைத் தின்கின்றன. காட்டுத்தீ வந்தால் இலைகள் எரிகின்றன. தீ விரைந்து கடந்துவிட்டால் மண்ணுக்குள் இருக்கும் தண்டின் மொட்டுகள் பிழைத்துத் தழைக்கின்றன. சாம்பல் மூடிய சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவது அப்போது இச்செடியே. ஆனால் வெட்டிய கட்டைகளைக் குவித்து ஓரிடத்தில் நெடுநேரம் எரித்தால், வெப்பம் கீழே இறங்கித் தண்டைக் கொன்றுவிடுகிறது. அங்கே அது மீள்வதில்லை. அதன் பாதுகாப்பும் மண்ணே.

அங்குள்ள வனத்துறையினருக்கும் இதன்மீது மனத்தாங்கல் உண்டு. பைன் நாற்றுகள் நட்டால், அவற்றுக்கு வேண்டிய நீரை இது முன்கூட்டியே உறிஞ்சிவிடுகிறதாம். ஓர் ஆண்டு அதனைப் பழிப்பதும், தீப்பட்ட மறு ஆண்டு மண் அரிப்பைத் தடுத்ததற்காகப் புகழ்வதும் அவர்களுக்கும் வழக்கமாகிவிட்டது போலும். நாமோ முத்தக்காசை மருந்துக் கடையில் பணம் கொடுத்து வாங்கி, அதே நாளில் தோட்டத்தில் திட்டித் தீர்க்கிறோம்.

இனி எங்கள் நிலத்துக்குத் திரும்புவோம்.

நம் முன்னோர் கோடை உழவைப் போற்றினர். சித்திரைப் புழுதியைப் பொன்னாக மதித்தனர். மண்ணைப் புரட்டி வெயிலில் காயவிட்டால் களையும் புழுவும் மாயும் என்பது அவர்கள் அனுபவம். கோரையின் இரகசியம் தெரிந்த பிறகு இதன் பொருள் எங்களுக்கு விளங்கிற்று. கொத்துவது பயனற்றது, புரட்டி, கிழங்கை மேலே கொணர்ந்து, உலர்த்தவேண்டும். பெரும்பாலான கிழங்குகள் அரையடி, முக்காலடி ஆழத்துக்குள்ளேயே கிடக்கின்றன. ரங்கத்தின் நான்கு மழையற்ற மாதங்களைப் போல் அதற்கு வாய்ப்பான காலம் வேறு ஏது? எந்த வறட்சியை எண்ணி வருந்தினோமோ அதுவே இதற்குக் கருவியாயிற்று.

பிப்ரவரி மாதத்தில் வயலை ஆழ உழுதோம். கட்டிகளை உடைத்து, கிழங்குகளை வாரிக்கொண்டு வந்து பாறைமேல் பரப்பினோம். மிஞ்சியவை வெயிலில் கிடந்தன. மார்ச்சு மாதத்தில் மறுபடியும் ஒரு புரட்டு. அவ்வாண்டு மழைக்குப் பின் வயலில் கோரை மிகக் குறைந்துவிட்டது. வெற்றி தலைக்கேறிற்று. அத்தோடு நின்றிருக்கலாம், நாங்கள் நிற்கவில்லை.

மறு ஆண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவிலும் இதே வைத்தியத்தைச் செய்தோம். அங்கே மரங்கள் முன்பே போய்விட்டன. கோரையும் சில முரட்டுப் புற்களும் மட்டுமே மூடியிருந்தன. ஏப்ரல் மாதத்தில் அச்சரிவை மேலிருந்து கீழாகக் கொத்திப் புரட்டினோம். பொன் நிறத்தில் புழுதி கிடந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு மழை கொட்டிற்று. இத்தீவில் முதல் மழை தூறலாக வந்து அறிமுகம் செய்துகொள்வதில்லை. பொழுது விடிந்து பார்க்கையில், சரிவில் முழங்கால் ஆழத்துக்கு ஓடைகள் விழுந்திருந்தன. மேல்மண் போய்க் கெட்டியான அடிமண் தெரிந்தது. போன மண்ணில் ஒரு பங்கு கிணற்றில் இறங்கிச் செந்நீராக நின்றது. மழைக்காலம் முழுவதும் குடிநீருக்கு அண்டை வீட்டாரை நாடவேண்டியதாயிற்று. மற்றொரு பங்கு வயலில் படிந்தது. அதில் சரிவிலிருந்த கோரைக் கிழங்குகளும் வந்து சேர்ந்தன. வயலில் ஒழித்த கோரையை மேட்டிலிருந்து நாங்களே இறக்கி வைத்தோம்.

சரிவில் கோரை செய்துவந்த வேலையை அது போன பிறகே அறிந்தோம். விரல் பருமனும் இல்லாத அத்தண்டுகள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று பின்னி, வலை போல் விரிந்திருந்தன. மரம் நின்ற காலத்தில் அவ்வேலையை மரத்தின் வேர்கள் செய்தன. மரம் போன பின் அதனை ஏற்றுக்கொள்ள முன்வந்தது இந்தக் களை ஒன்றுதான். சமநிலத்தில் எந்த உழவு நன்மையோ, அதே உழவு மேட்டு நிலத்தில் தீமை. தஞ்சைச் சமவெளியிலும் நெல்லைக் கரிசலிலும் கற்ற பாடத்தை மலைத்தீவுக்கு அப்படியே கொண்டுவந்த பிழை அது. மேகாலயத்திலும் குடகிலும் இடுக்கியிலும் மலைச்சரிவுகளில் பயிர் செய்யும் தமிழன்பர்கள் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், எங்கள் கிணற்றை நினைவில் வைப்பார்களாக.

அப்படியானால் சரிவில் கோரையை என்ன செய்வது? அதற்கொரு பலவீனம் உண்டு. நிழல் அதற்கு ஆகாது. வெயிலை முழுமையாகப் பருகி வளரும் இயல்புடைய செடி அது. மேலே இலை கவிந்தால் மெலிகிறது, கிழங்கும் சிறுக்கிறது. எல்க் கோரைக்கு மரநிழல் வீடு. நம் முத்தக்காசுக்கோ அதுவே சிறை. ஒரே குடும்பத்தில் இப்படியும் உண்டு. ஆகவே சரிவை நாங்கள் மறுபடி கொத்தவில்லை. அரிப்பு விழுந்த இடங்களில் கல்லை வரிசையாக அடுக்கினோம். மழை பிடித்தபின், கோரை நின்ற இடத்தில் அதனை விட்டுவைத்தே, குழிக்கு மட்டும் மண் தோண்டி வாழையும் பாக்கும் நட்டோம். குழியிலிருந்து எடுத்த கிழங்குகளை மட்டும் பாறைக்குக் கொண்டுபோனோம். இடையிடையே படரும் பயற்றுக் கொடிகளை விட்டோம்.

வாழை முதலில் நிழல் தந்தது. பாக்கு பின்னர் உயர்ந்தது. கோரை ஒரே ஆண்டில் மறையவில்லை. வாழையின் கீழே அது வெளுத்து நீண்டு, பின்பு அங்கங்கே ஒதுங்கிற்று. ஓரங்களில், வெயில் விழும் இடத்தில், இன்றும் இருக்கிறது. அதனை யாரும் தொடுவதில்லை. இரவில் காட்டுப்பன்றி வந்து கிளறிப் போனால், காலையில் அந்தக் குழியை மிதித்து மூடி, மேலே சருகைப் போடுகிறோம்.

கீழ் வயலில் மட்டும் ஆண்டுதோறும் பிப்ரவரியில் உழவு நடக்கிறது. கிழங்குகளைப் பாறைமேல் பரப்பும் வேலை பிள்ளைகளுடையது. நன்கு உலர்ந்தவற்றில் ஒரு கூடையை வீட்டார் எடுத்து, மண் போகக் கழுவி, மறுபடி காயவைத்து, இடித்துச் சலித்து நலங்கு மாவில் சேர்க்கின்றனர். மீதி அடுப்புக்குப் போகிறது. கிணற்று நீர் தெளிந்துவிட்டது. ஏப்ரலில் வாளி அடித்தரையைத் தட்டத்தான் செய்கிறது.